சுற்றுலாப் படகு: தடை போதுமா, உரிமம் வேண்டுமா? ஒரு சிறு படகின் கணக்கு

பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால், தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் கூட்டம்தான். முட்டுக்காடு, பிச்சாவரம், ஏற்காடு, கொடைக்கானல் என்று எங்கே போனாலும் படகுத்துறையில் வரிசை நிற்கும். அரசுப் படகுக் குழாம் இல்லாத இடங்களிலும் மீனவர் ஒருவர் தன் நாட்டுப் படகைக் காட்டி, “ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?” என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கேயாவது ஒரு படகு கவிழ்ந்தால் மறுநாளே தடை வரும், சோதனை நடக்கும், சிலர் கைதாவார்கள். சில மாதம் கழித்து அதே துறையில் அதே படகு மறுபடியும் ஓடத் தொடங்கும்.

இந்தச் சுழற்சி ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது? நாலு படகு வைத்து, தண்ணீரையும் கெடுக்காமல், உயிருக்கும் ஆபத்து வராமல் ஒருவர் சுற்றுலாத் தொழில் நடத்த முடியாதா? முடியும். அதற்கு லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது. படகுக்காரரின் வருமானக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான்கு விபத்துகள் சொல்வது என்ன?

2009 செப்டம்பர் 30: தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் ஒதுங்கியது அப்போது ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

2011 டிசம்பர் 25: கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது.

2023 மே 7: கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூரில் ‘அட்லாண்டிக்’ என்ற படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். ஆட்கள் அளவுக்கு அதிகம், நேரமோ பொழுது சாய்ந்த நேரம்.

2024 ஜனவரி 18: குஜராத்தின் வடோதரா நகரில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அரசு நிறுவனத்தின் படகு. இன்னொன்று மாநகராட்சி ஏரியில் ஒப்பந்தக்காரர் ஓட்டிய படகு. அதனால், “தனியார் சிறு படகு என்றால் ஆபத்து, அரசு நடத்தினால் பாதுகாப்பு” என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. படகு யாருடையது என்பதை விட, எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மணி வரை ஓடலாம், எந்த வேலைக்குக் கட்டிய படகு என்பதுதான் முக்கியம். இந்த எல்லைகளில் ஏதோ ஒன்று மீறப்படும்போதுதான் படகுப் பயணம் உயிருக்கு ஆபத்தாகிறது.

படகு ஏன் கவிழ்கிறது?

அதிக எடை ஏறினால் படகு மூழ்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் படகு மூழ்குவதற்கு முன்பே சாய்ந்து கவிழ்ந்துவிடும். ஆள் ஏற ஏறப் படகு தண்ணீரில் இறங்கும். விளிம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். ஒரு சாண் இடைவெளி நாலு விரலாகக் குறைந்த பிறகு, எதிரே போகும் மோட்டார் படகின் சிறு அலையே தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். உள்ளே வந்த தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது, படகு சாயும் பக்கத்துக்கே ஓடும். அதனால் சாய்வு இன்னும் கூடும்.

அடுத்தது உயரம். உட்கார்ந்திருப்பவர் செல்ஃபி எடுக்க எழுந்து நின்றால், படகின் எடை மையம் மேலே போகும். மாடி வைத்த படகுகளில் இந்த ஆபத்து பல மடங்கு. மேல் தளத்தில் இருக்கும் எல்லோரும், “அதோ பாரு!” என்று ஒரே பக்கம் ஓடினால் போதும்.

மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்கு மாற்றுவதில் உள்ள சிக்கலும் இதேதான். மீன்பிடிப் படகில் வலை, ஐஸ் பெட்டி, மீன் என்று எடை எல்லாம் அடியில் கிடக்கும். அதே படகில் கூரை போட்டு, நாற்காலி போட்டு, மேலே ஏற ஏணியும் வைத்தால் எடை தலைகீழாகிவிடுகிறது. வண்ணம் அடித்தால் அது சுற்றுலாப் படகு ஆகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு, ஏரி, காயல் போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் படகுகளுக்கு, 1917-ல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சட்டம்தான் நூறு வருடத்துக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதை நீக்கிவிட்டு, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2022-ல் அது நடைமுறைக்கு வந்தது.

இயந்திரத்தில் ஓடும் படகுக்கு இந்தச் சட்டம் கேட்பவை நேரடியானவை. படகைப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். காப்பீடு, உயிர்காப்பு, தீயணைப்பு சாதனங்கள் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு நாடு முழுக்கச் செல்லும்.

அதிகம் பேசப்படாத பகுதி இன்னொன்று. துடுப்பு, கழி, பாய் என இயந்திரம் இல்லாமல் ஓடும் படகுகளையும் இந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவற்றை மாவட்டம், வட்டம், ஊராட்சி என்ற உள்ளூர் அளவிலேயே பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. அதாவது பிச்சாவரத்திலோ பழவேற்காட்டிலோ துடுப்புப் படகு வைத்திருப்பவர் தலைநகரத்துக்கு அலையாமல் தன் ஊரிலேயே பதிவு வாங்க முடிய வேண்டும். ஆனால் மாநில அரசு விதிகளைத் தெளிவாக வகுத்து, ஊரில் ஒரு அதிகாரியைப் பொறுப்பாக நிறுத்தினால்தான் அது நடக்கும்.

தொழில் தொடங்க நினைப்பவர் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. தண்ணீர் ஒரு துறையிடம், கரை ஒரு துறையிடம், காடு ஒரு துறையிடம், சுற்றுலா வேறொரு துறையிடம். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் வரும். சதுப்பு நிலம் என்றால் 2017-ன் ஈரநில விதிகள் வரும். உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்று சொல்லும் அந்த விதிகள், படகுத்துறைக்கு மட்டும் விலக்கு தருகின்றன. கதவு முழுசாக மூடிக் கிடக்கவில்லை. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதுதான் படகுக்காரருக்குத் தெரிவதில்லை.

விளைவு, பலர் மீன்பிடிக்கப் பதிவான படகிலேயே பயணிகளை ஏற்றுகிறார்கள். மீன்பிடிக்கப் பதிவான படகு மீன்பிடிக்க மட்டும்தான். அதில் பயணி ஏறி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு காரணமே போதும். இறந்தவர் குடும்பத்துக்கும் ஒன்றும் கிடைக்காது, படகுக்காரர் குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

கீழே உள்ளவை எந்த ஊரின் புள்ளிவிவரமும் இல்லை, புரிந்துகொள்வதற்காக வைத்த உதாரண எண்கள். ஆனால் தொழிலின் போக்கு இப்படித்தான் இருக்கும்.

ஆறு பேர் அமரும் ஒரு துடுப்புப் படகு. ஒரு சவாரிக்கு 600 ரூபாய். மழை, புயல் எச்சரிக்கை நாட்கள் போக வருடத்துக்கு 300 நாள் ஓடுகிறது. அதில் 100 நாள் விடுமுறை நாட்கள், நாளுக்கு 5 சவாரி. மீதி 200 நாளும் வேலை நாட்கள், நாளுக்கு ஒரு சவாரிதான். ஆக மொத்தம் 700 சவாரி. வரவு 4,20,000 ரூபாய்.

செலவு? படகுத்துறைப் பராமரிப்பு, சீட்டு கொடுப்பவர் சம்பளம் என வரவில் 20 சதவீதம், அதாவது 84,000. படகு பழுது, பூச்சு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 40,000. காப்பீடு 10,000. கடன் தவணை 60,000. மீதி 2,26,000 ரூபாய். மாதம் ஏறத்தாழ 18,800. பெரிய வசதி இல்லை, ஆனால் குடும்பம் நகரும்.

இப்போது துறையில் 20 படகு இருந்த இடத்தில் 40 படகு வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் கூட்டம் அதே கூட்டம். ஒரு படகுக்கு 350 சவாரிதான் கிடைக்கும். வரவு 2,10,000. அதில் 20 சதவீதம் 42,000 போய்விடும். பழுது, காப்பீடு, தவணை மூன்றும் சேர்ந்த 1,10,000 அப்படியேதான் இருக்கும். படகு சும்மா கிடந்தாலும் தவணை நிற்காது அல்லவா? மீதி 58,000. மாதம் ஐயாயிரம்கூட இல்லை. சவாரி பாதியானது, ஆனால் வருமானம் கால்வாசியாகிவிட்டது.

இந்த நிலையில் ஒரு குடும்பம் வந்து, “இன்னும் மூணு பேர்தானே, ஏத்திக்கங்கண்ணே” என்கிறது. தலைக்கு நூறு ரூபாய் கையில் தருகிறார்கள். ஒவ்வொரு சவாரியிலும் இப்படி மூன்று பேரை ஏற்றினால் வருடத்துக்கு 1,05,000 ரூபாய். 58,000-உடன் அதைச் சேர்த்தால் 1,63,000. அதாவது அவர் வீட்டுக்குப் போகும் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, சட்டத்துக்குப் புறம்பான அந்த மூன்று பேரிடமிருந்து வருகிறது.

இதைத் தெரிந்துகொண்டால்தான், அபராதம் போட்டும் கைது செய்தும் அளவுக்கு மீறி ஏற்றுவது ஏன் குறையவில்லை என்பது புரியும். பேராசை உள்ளவரும் இருக்கிறார்கள்தான். ஆனால் பேராசையே இல்லாதவரையும் இந்தக் கணக்கு அதே இடத்துக்குத் தள்ளிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் “கடைசியா ஒரு சவாரி” என்று போவதும் இப்படித்தான். எனவே துறைக்கு எத்தனை படகு என்பதை வரையறுக்காமல், படகுக்கு எத்தனை ஆள் என்பதை மட்டும் வரையறுத்தால் அது நிற்காது.

பழவேற்காட்டில் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறதா?

படகு எண்ணிக்கையை வரையறுப்பது என்றதும், யார் உள்ளே யார் வெளியே என்ற சண்டை வரும். இது மீனவர்களுக்குப் புதிய பிரச்சினை இல்லை. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறைகளாக உண்டு. ஏரியில் நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டலாம் என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்கு வேறு இடம். முறை தவறினால் ஊர் தட்டிக் கேட்கும்.

சுற்றுலாப் படகுத்துறைக்கும் இதே யோசனை பொருந்தும். பயணியைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதில், வரிசை எண் வைத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை ஓடியவர் அடுத்த ஞாயிறு மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது. முறை நிச்சயம் என்றால் அவசரம் குறையும். அவசரம் குறைந்தால் ஆறு பேரோடு படகை அவிழ்க்கும் தைரியம் வரும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடு முறை பட்டினவர் சமூகத்தின் உரிமையாகவே வளர்ந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த மீனவர்களுக்கு அதில் இடமில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. முறை வைக்கும் யோசனையை எடுத்துக்கொள்ளலாம், வெளியே நிறுத்தும் வழக்கத்தைச் சேர்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு உரிமம் தருவதாக இருந்தால் ஏரியை நம்பி வாழும் எல்லா ஊருக்கும், எல்லாத் தரப்புக்கும், பெண்கள் குழுக்களுக்கும் பங்கு எழுதி வைத்த பிறகே தர வேண்டும்.

மெதுவாகப் போவதே முதலீடு

சிறு படகுக்காரர் செய்யும் பெரிய தவறு, பெரிய படகோடு வேகத்தில் போட்டி போடுவது. பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எம்.ஜி.ஆர் நடித்த ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று இன்றும் படகோட்டிகள் காட்டுவார்கள். 2004 சுனாமியின்போது பின்னால் இருந்த ஊர்களுக்கு இந்தக் காடு அரணாக நின்றது.

அங்கே மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் மட்டும்தான் போகும். மரக்கிளைகள் குடை பிடிக்கும் குறுகிய ஓடைக்குள் துடுப்புப் படகுதான் நுழைய முடியும். சுரபுன்னையின் விழுது வேர்கள் முகத்துக்கு நேரே வரும், பறவைகள் சத்தம் கேட்டு ஓடாது. மக்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவது அந்த அமைதியைத்தான். மோட்டாரைப் பொருத்தினால் படகுக்காரர் தன்னிடம் உள்ள சிறந்த சரக்கையே கெடுத்துக்கொள்கிறார். மோட்டார் எழுப்பும் அலை சேற்றுக் கரையை அரிக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே தண்ணீரில் கலக்கும். அந்தச் சேற்றில்தான் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. வருடத்தின் மற்ற நாட்களில் அதே படகுக்காரரின் குடும்பம் சாப்பிடுவது அந்த மீனைத்தான்.

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் வலசை வரும் பறவைகளை வேட்டையாடி விற்பதற்குப் பெயர் போன இடம். வேட்டையாடியவர்களே பின்னாளில் பறவைக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். இன்று கழி ஊன்றிப் படகு தள்ளி, பறவைகளைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். ஒரு பறவையைக் கொன்றால் ஒரு நாள் காசு, அதே பறவையைக் காட்டினால் பருவம் முழுக்கக் காசு என்பதை அவர்கள் தொழிலாகவே மாற்றிக்கொண்டார்கள்.

மறுபக்கம் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல். நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் 1990-களில் தங்கும் படகுகளாக மாறின. ஊருக்கு வேலை வந்தது, பெயர் வந்தது. ஆனால் படகுகள் பெருகப் பெருகக் கழிவும் எண்ணெயும் காயலில் கலந்தன. ஊர்க் கழிவுகளும் சேர்ந்துகொள்ள, வேம்பநாடு, அஷ்டமுடி காயல்களை மாசிலிருந்து காக்கத் தவறியதாக தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2023-ல் கேரள அரசுக்கு 10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எண்ணிக்கைக்கு எல்லை வைக்காத தொழில் தன் மூலதனத்தையே தின்னும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

மோட்டார் இல்லாமல் முடியாத இடங்கள் உண்டு. தூரம் அதிகம், நீரோட்டம் வேகம் என்றால் துடுப்பு போதாது. அங்கே மின்சாரப் படகு ஒரு வழி. வைக்கம் – தவணக்கடவு இடையே கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் விட்ட ‘ஆதித்யா’ 75 பேர் செல்லும் சூரியசக்திப் படகு. தினசரி எரிபொருள் செலவு டீசல் படகின் செலவில் மிகச் சிறிய பங்குதான். ஆனால் வாங்கும்போது விலை அதிகம், பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தனி ஆள் கடன் வாங்கித் தாங்குவது சிரமம். பத்துப் படகுக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, துறையில் ஒரே மின்னேற்று நிலையம் வைத்தால் சாத்தியம்.

தொழில் தொடங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியவை

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பழமொழி மட்டும் இல்லை.

* தண்ணீர் யாருடையது? படகு வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். எந்தத் துறையின் அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள். “வாய்ச்சொல்லா சொல்லிட்டாங்க” என்பது விபத்து நாளில் உதவாது.

* எந்தப் படகு? அகலமான, தாழ்வான, மாடி இல்லாத படகு. பழைய மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டும் யோசனையே வேண்டாம். முழு எடையில் தண்ணீர் எதுவரை ஏறலாம் என்று வெளிப்பக்கம் சிவப்புக் கோடு போடுங்கள். கோடு நனைந்தால் ஒருவர் இறங்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

* கட்டணம் எப்படி? படகுக்கு இவ்வளவு என்றால், பயணி ஆளைத் திணிக்கப் பார்ப்பார். தலைக்கு இவ்வளவு என்றால், படகுக்காரர் திணிக்கப் பார்ப்பார். இரண்டுக்கும் தீர்வு, சீட்டு கொடுப்பவரும் ஆள் எண்ணுபவரும் படகுக்காரராக இல்லாமல் இருப்பது. சங்கமோ ஊராட்சியோ கரையில் ஒருவரை வைக்க வேண்டும்.

* லைஃப் ஜாக்கெட்: குழந்தைகளுக்குத் தனி அளவு கட்டாயம். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். படகில் ஏறிய பிறகு மாட்டுவது கூடாது, கரையிலேயே மாட்டி வார் இறுக்கிய பிறகே ஏற்ற வேண்டும். வெயிலில் வெளுத்து, நைந்து போனவற்றைத் தூக்கிப் போடுங்கள்.

* நேரமும் காற்றும்: சூரியன் மறைவதற்குள் கடைசிப் படகு கரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். வாடைக்காற்று எழும் நாளிலும், முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும் நேரத்திலும் படகை அவிழ்க்காமல் இருப்பதும் தொழில்தான். எப்போதும் இரண்டு படகு ஒன்றை ஒன்று பார்க்கும் தூரத்தில் இருந்தால், ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றது போய்ச் சேரும்.

* வேலை நாட்கள்: நட்டம் வருவது இங்கேதான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம் என்று விடுமுறைக் கூட்டத்தை மட்டும் நம்பினால், திணிப்பதைத் தவிர வழி இருக்காது. அதிகாலைப் பறவை பார்ப்போர், பள்ளிகளின் இயற்கை வகுப்பு, புகைப்படக்காரர்கள் என வேலை நாட்களில் தினம் இன்னொரு சவாரி சேர்ந்தாலே மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 200 சவாரி கூடும்.

பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. “இன்னும் ரெண்டு பேர்தானே” என்று நீங்கள் கெஞ்சும்போது அந்தப் படகுக்காரரால் பெரும்பாலும் மறுக்க முடியாது. ஏறும் முன் ஆளை எண்ணுங்கள். ஜாக்கெட் இல்லையென்றால், வெளிச்சம் மங்கிவிட்டதென்றால் ஏறாதீர்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

அரசு முன்னால் இருக்கும் வழி

இதுவரை அரசுக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, தானே நடத்துவது. இன்னொன்று, தடை போடுவது. தடை போட்டால் மக்களின் ஆசையும் நிற்பதில்லை, மீனவரின் தேவையும் நிற்பதில்லை. படகு துறையிலிருந்து மறைவான கரைக்குப் போகிறது. அங்கே சிவப்புக் கோடு இல்லை, ஜாக்கெட் இல்லை, ஆள் எண்ண யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழிக்குச் சட்டத்தில் இடம் வந்துவிட்டது. செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஒவ்வொரு நீர்நிலைக்கும் எத்தனை படகு தாங்கும் என்று சூழலியலாளர்களையும் மீனவர்களையும் சேர்த்து உட்கார வைத்து முடிவு செய்து, அந்த எண்ணைத் துறையில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, துடுப்புப் படகுப் பதிவை ஊராட்சி அளவில் தொடங்கி, பரிசோதனை, பயிற்சி, காப்பீடு மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே நாளில் முடித்துத் தர வேண்டும். மூன்றாவது, உரிமத்தைத் தனி முதலாளிக்கு ஏலம் விடாமல் உள்ளூர்ப் படகோட்டிகளின் சங்கங்களுக்குத் தர வேண்டும். அதிக ஏலத் தொகை கட்டியவர் அதை மீட்க என்ன செய்வார் என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும்.

அரசுப் படகுக் குழாம்களிலும் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். பயணி கொடுக்கும் சீட்டுக் காசில் துடுப்பு போடுபவர் கைக்கு எவ்வளவு போகிறது? ஆறு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு, பொழுதோடு கரை திரும்பி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்க அவரால் முடிந்தால், ஏழாவது ஆளை அவரே இறக்கிவிடுவார். காவலர் ஒருவரைத் துறையில் நிறுத்துவதை விட அது உறுதியான பாதுகாப்பு.